நாற்பத்தொரு பேர் படித்த புத்தகம்

எங்கள் பொது நூலகத்தில் கோடை வாசிப்புப் பேரியக்கம் தொடங்கிய அன்று, படிப்பதற்காக யாரும் உள்ளே வர வேண்டாம் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மேடை போட இடம் தேவைப்பட்டது. படிக்கிற மேசைகளை ஒன்றாகச் சேர்த்து மேலே கம்பளம் விரித்ததுதான் மேடை. நாற்காலிகள் எல்லாம் அதற்கு எதிரே வரிசை கட்டி நின்றன. குழந்தைகள் பகுதியின் அலமாரிகள் மேடையை மறைக்கும் என்று, இரண்டு நாள் முன்பே அவற்றைப் புத்தகத்தோடு தூக்கிக்கொண்டு வந்து என் அறையில் அடுக்கிவிட்டார்கள்.

என் அறை என்பது நூலகத்தின் பின்பக்கம் இருக்கிற பைண்டிங் அறை. கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, தைத்து, பசை போட்டு, அட்டை கட்டுவது என் வேலை. நிரந்தர வேலை அல்ல. ஒவ்வொரு வருடமும் கோடை முடிவில் தலைமை நூலகர் ஒரு கையெழுத்துப் போடுவார்; போட்டால் அடுத்த வருடமும் நான் உண்டு. பதினாலு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பதினாலு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் புத்தகங்களைக் கையில் எடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்தக் கட்டடத்தில் படிக்காதவன் நான் ஒருவன் மட்டும் அல்ல.

தொடக்க விழாவில் தலைமை நூலகர் ஒன்றரை மணி நேரம் பேசினார். "முப்பத்தோரு வருடமாக இங்கே பணியாற்றுகிறேன். சுற்றிலும் எண்பதாயிரம் புத்தகங்கள். அப்படியிருந்தும் ஒரு நாள்கூட, ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து அலுவலக நேரத்தை வீணாக்கியது கிடையாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். "இந்தக் கோடையில் நம் குழந்தைகள் ஆறாயிரம் புத்தகங்களைப் படித்து முடிக்கிறார்கள். இது ஆசை அல்ல. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியாயிற்று" என்றார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

பிறகு திரையை விலக்கினார். சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு காகித ஏணி. நூறு படிகள். கீழே, ஏணியின் காலடியில், பதிவு செய்த குழந்தைகளின் போட்டோக்கள் குண்டூசியில் குத்தியிருந்தன. ஒரு புத்தகம் படித்தால் போட்டோ ஒரு படி ஏறும். 'கோடையின் நூல்' என்று தலைமை நூலகர் தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் படித்தால் ஒரேயடியாகப் பத்துப் படி. அந்தப் புத்தகத்தின் பெயர் 'நீலமுனைக் கப்பல்'. ஏன் அது என்று, புத்தகம் கொடுக்கிற கவுண்டரில் உட்காருகிற அம்மா (எங்களுக்கு அவர் கவுண்டர் அம்மா) கேட்டதற்கு, "போட்டோல கையில வெச்சிருந்தா தெரியணும்மா. நல்ல தடிமன்" என்று சொன்னாராம்.

அந்த ஏணியில் என் மகளின் போட்டோவும் இருந்தது, என் சகலையின் மகனுடைய போட்டோவும் இருந்தது. என் தூக்கம் கெட்டதற்கு அதுதான் காரணம்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி பிடிக்கிறவர். வருடா வருடம் அவர் கம்பெனியில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை தருவார்கள். வருடா வருடம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு அதைத் துடைத்துக் காட்டுவார். மகனை அவர் கூப்பிடுகிற பெயரே சாம்பியன். பையன் பாவம், நல்ல பையன்தான். பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

என் மகளுக்குப் பத்து வயது. வீட்டில் எறும்பு என்று கூப்பிடுவோம். எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டாள். பாதியில் விடவும் மாட்டாள். முதல் நாளே நீலமுனைக் கப்பலை எடுத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு வெளியே பார்ப்பாள். சிரிப்பாள். திரும்பி முந்தைய பக்கத்துக்குப் போவாள்.

"ஏன் திருப்பிப் படிக்கிற? ஒரு தடவ படிச்சாப் போதாதா?" என்றேன்.

"கேப்டன் பொய் சொல்றாருப்பா. எந்த இடத்துல ஆரம்பிச்சாருன்னு பாக்கறேன்."

முதல் வாரம் முடிந்தபோது சாம்பியன் பதினெட்டாம் படியில் இருந்தான். எறும்பு தரையில் இருந்தாள். என்னைப் பொறாமைக்காரன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். என் அறைக் கதவைத் திறந்தால் நேராக அந்த ஏணி தெரியும். கதவைச் சாத்தினால் பசை நாற்றம் தாங்காது. திறந்தே வைத்துக்கொண்டு எரிந்தேன்.

ஏறுவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசிப்புச் சான்றுப் படிவம். தலைப்பு, பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம், கற்ற நீதி, பெற்றோர் கையெழுத்து. கதைச் சுருக்கம் சரியா என்று பார்க்க, கவுண்டர் அம்மாவிடம் மாதிரிச் சுருக்கங்கள் எழுதிய ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து அவர் எழுதியது. குழந்தை எழுதியது நோட்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் முத்திரை விழும். குழந்தையும் பின்னட்டையைப் பார்த்துத்தான் எழுதியது என்பதால் பெரும்பாலும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயிற்று. எங்கள் குழந்தைகளின் நினைவாற்றலைப் பார்த்துத் தலைமை நூலகர் அசந்துபோனார்.

இரண்டாம் வாரம் மௌன வாசிப்பு மணி நடந்தது. குழந்தைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார, மௌனமாக வாசிப்பது எப்படி என்று தலைமை நூலகர் அந்த மணி முழுவதும் மைக்கில் விளக்கினார். மூன்றாம் வாரம் வாசிப்பு ஊர்வலம். 'படிப்போம் படிப்போம்' என்று கத்திக்கொண்டு வெயிலில் நான்கு தெரு சுற்றி வந்ததில் அன்றைக்கு யாராலும் படிக்க முடியவில்லை. ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு படி. எறும்பு போகவில்லை.

அதே மூன்றாம் வாரத்தில்தான் முட்டைக்காரர் வந்தார். எங்கள் தெருக்களுக்கெல்லாம் சைக்கிளில் முட்டை போடுகிறவர். சொந்தமாக ஐம்பது கோழி வைத்திருக்கிறார். கையில் கோழி வளர்ப்புக் கையேடு.

"அம்மா, இந்தப் புத்தகத்துல ஒரு சந்தேகம்."

"படிவம் இருக்கா?" என்றார் கவுண்டர் அம்மா.

"இல்லீங்க. கோழி நல்லாத்தான் வளந்துட்டு இருந்துச்சு. நூத்தி அறுபதாம் பக்கம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. நூத்தி அறுபத்தொண்ணுல புயல் அடிக்குது."

"அப்ப கோழியக் கூண்டுல அடைங்க."

"கூண்டு இல்லீங்கம்மா, கப்பல்! ஒரு கேப்டன் வரார். நல்லா இருக்கு, நான் இல்லேங்கல. ரெண்டு நாளா முட்டை போடவே போகல. ஆனா மொதல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியல. அந்த ஆளு ஏன் பயப்படறாரு, அந்தக் கதவுகிட்ட எதுக்கு வந்தாரு, ஒண்ணும் புரியல."

கவுண்டர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். "குழந்தைங்க இயக்கம் நடக்குதுங்க. பெரியவங்க படிக்கிறது எல்லாம் கோடை முடிஞ்சப்புறம்தான்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார். அவர் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தராமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது எறும்பு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலமுனைக் கப்பல்.

"அப்பா, கேப்டன் ஏன் கோழி வளக்கப் போனாரு?"

என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நூற்று அறுபதாம் பக்கத்தின் கடைசி வரி: 'கேப்டன் விளக்கை உயர்த்திப் பிடித்துக் கதவைத் திறந்தார். உள்ளே'. நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்தின் முதல் வரி: 'நாற்பது குஞ்சுகளுக்கு ஒரு பல்பின் சூடு போதுமானது.'

செய்தவன் நான்தான். நீலமுனைக் கப்பல் இருபது பிரதியும் கோழிக் கையேடு இருபது பிரதியும் ஒரே அச்சகத்தில், ஒரே அளவில், ஒரே தாளில் வந்தவை. கிட்டங்கியில் ஈரத்தில் கிடந்து தையல் விட்டுப்போன நாற்பதையும் நாலே நாளில் கட்டித் தரச் சொன்னார்கள். பதினாறு பக்கம் மடித்தது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த எண்ணைப் பார்த்து அடுக்கித் தைத்துக்கொண்டே போவேன். எண் சரியாக இருந்தால் புத்தகம் சரி. பத்துப் பாரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது விழாவுக்காக அலமாரிகளைக் கொண்டுவந்தவர்கள் என் கட்டுகளை அப்படி இப்படி நகர்த்தியிருந்தார்கள். நான் எண்ணைப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. சரியாக இருந்தது. தைத்தேன். கப்பலின் பின்பாதி கோழிக்குப் போயிற்று, கோழியின் பின்பாதி கப்பலுக்கு. நாற்பதிலும்.

அதுவரை நீலமுனைக் கப்பலை இருபத்தாறு குழந்தைகள் படித்து முடித்ததாகச் சான்று வாங்கியிருந்தார்கள். ஒருவரும் கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கேப்டன் எங்கப்பா போனாரு?" என்று எறும்பு மறுபடி கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். கோடை முடிய ஐந்து வாரம் இருந்தது. தலைமை நூலகரின் கையெழுத்து கோடை முடிவில்தான் விழும். நாற்பது புத்தகத்தைத் தாறுமாறாகத் தைத்தவனுக்கு யார் போடுவார்கள்? வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கையேடு மாதிரி இருந்த அந்தப் பின்பாதியையும் விடாமல் படித்தாள். கேப்டன் எங்கேயாவது திரும்ப வருவாரோ என்று. கோழிக்கு வருகிற பதினோரு நோய்களையும் படித்துவிட்டு, படிவத்தில் எழுதினாள்: 'கேப்டன் கதவைத் திறந்ததும் கதை நின்றுவிடுகிறது. பிறகு கோழிகள் வருகின்றன. கேப்டன் கோழி வளர்க்கப் போய்விட்டாரா என்று சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை.' கற்ற நீதி என்ற இடத்தில், 'குஞ்சுகளுக்கு ஈரம் ஆகாது' என்று எழுதினாள்.

கவுண்டர் அம்மா நோட்டைப் பார்த்தார். நோட்டில், 'துணிச்சல் மிக்க கேப்டன் புயலையும் துரோகத்தையும் வென்று கரை சேரும் உன்னதக் கதை' என்று இருந்தது. எறும்பின் படிவத்தில் சிவப்பு முத்திரை விழுந்தது: புரிதல் இல்லை.

அதற்கென்றே ஒரு விதி இருந்தது. சிவப்பு முத்திரை வாங்கியவர்களுக்கு வாசிப்பில் பின்தங்கியோர் வகுப்பு. அந்தக் கோடையில் சிவப்பு முத்திரை வாங்கியது என் மகள் ஒருத்திதான். வேறு அறை இல்லாததால் வகுப்பை என் பைண்டிங் அறையிலேயே வைத்தார்கள். தினமும் பதினோரு மணிக்குப் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கவுண்டர் அம்மா கொடுத்த அட்டையில் அகர வரிசையைப் பார்த்து எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து தைத்தேன். ஊசி கையில் குத்தியது. நல்லா குத்தட்டும் என்று நினைத்தேன்.

"அப்பா, எனக்குப் படிக்க வரலையா?" என்று நாலாவது நாள் கேட்டாள். தலையை நிமிர்த்தாமல், எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் வரும். மெதுவா வரும்" என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு பதிலை என் ஆயுளில் யாருக்கும் சொன்னதில்லை.

சகலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டார். "சகல, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு லெவல். பாப்பாவுக்குப் படிப்பு வரலேன்னா என்ன, சமைக்கக் கத்துக்கட்டும். என் பையன் அறுபத்திரண்டு."

"எப்படி சகல, ஒரே மாசத்துல அறுபத்திரண்டு?"

"டார்கெட்! டார்கெட் இல்லாம ஒரு புத்தகத்தத் தொடவே கூடாது. அவனுக்கு எங்க நேரம்? நான் ஆபீஸ்ல படிவத்த நிரப்பறேன், அவங்கம்மா கையெழுத்துப் போடறா. குடும்பமாப் படிக்கிறோம்."

அவர் போன பிறகு என் மனைவி, "அக்காவோட பையன் அவ்ளோ மேல, நம்ம பொண்ணு தரைல. எனக்கு அழுகையா வருது. நீங்க அங்கதானே வேலை பாக்கறீங்க, ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள்.

பண்ணினேன். முப்பது படிவங்களைக் கொண்டுவந்து, என் அறையில் கிடந்த புத்தகங்களின் பின்னட்டையைப் பார்த்து நானே எழுதினேன். பதினைந்தாவதை எழுதிக்கொண்டிருந்தபோது எறும்பு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நான் படிக்கலையேப்பா."

"படிச்ச மாதிரிதான்மா."

"படிச்ச மாதிரின்னா எப்படி?"

அவள் படிவங்களைக் கிழிக்கவில்லை, கோபப்படவில்லை. பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டுபோய், கதவுக்கு உள்ளே கேப்டன் என்ன பார்த்திருப்பார் என்று எழுத ஆரம்பித்தாள். பதினைந்து படிவத்திலும் பதினைந்து விதமாக எழுதினாள். நான் அவற்றை வாங்கிப் படிக்கவில்லை. படித்தால் எப்படியோ மாட்டிக்கொள்வேன் என்று பயம்.

ஆறாம் வாரத்தில் ஒரு சிக்கல். ஆறாயிரம் என்று மேலிடத்துக்கு எழுதியாயிற்று, கணக்கு நாலாயிரத்தைக்கூடத் தொடவில்லை. தலைமை நூலகர் அசரவில்லை. முன்கூட்டிய வாசிப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். எதிர்காலத்தில் படிக்கப் போகிற புத்தகங்களுக்கு இப்போதே சான்று வாங்கிக்கொள்ளலாம். "படித்த புத்தகத்தைவிடப் படிக்கப் போகும் புத்தகமே மேலானது; அது மறந்துபோகாது" என்று அறிவிப்புப் பலகையில் அவரே எழுதினார். கவுண்டரில் படிவ வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. சாம்பியன் இருபத்திரண்டு வயது வரைக்கும் படித்து முடித்துவிட்டான். அவன் போட்டோ நூறாவது படியைத் தாண்டியதால் கூரையில் ஒட்ட வேண்டியதாயிற்று.

நிறைவு விழாவுக்கு மேலிடத்திலிருந்து இயக்குநர் வந்தார். எல்லோரும் நாற்காலியில். எறும்புக்குக் கடைசி வரிசையில், 'பின்தங்கியோர்' என்று சீட்டு ஒட்டிய நாற்காலி. அவள் மடியில் நீலமுனைக் கப்பலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பித் தர அவளுக்கு மனம் வரவில்லை. நான் அவள் பக்கத்தில். கதவோரத்தில் முட்டைக்காரர் கையேட்டோடு நின்றார். கோடை முடிந்ததும் வரச் சொன்னார்கள் அல்லவா, வந்துவிட்டார்.

தலைமை நூலகர் பேசினார். "நீலமுனைக் கப்பலை நாற்பத்தொரு குழந்தைகள் முழுமையாகப் படித்திருக்கிறார்கள். ஒரே ஒரு குழந்தைக்குத்தான் புரியவில்லை. நாற்பத்தொன்றுக்கு ஒன்று. இதைவிடச் சிறந்த தேர்ச்சி எங்கே உண்டு?"

இயக்குநர் எழுந்தார். "இந்த நூலை நான் சிறு வயதில் ஒரே மூச்சில் படித்தவன். கடைசிப் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். இன்று நம் சாம்பியன் வாயால் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேட்க விரும்புகிறேன்."

சாம்பியன் மேடை ஏறினான். புத்தகத்தை அன்றைக்குத்தான் முதல் முறை திறந்தான் என்பது திறந்த விதத்திலேயே தெரிந்தது. கடைசிப் பக்கத்தை எடுத்து, மைக்கில் கணீரென்று வாசித்தான்:

"வாரம் ஒருமுறை கூண்டின் அடியில் சேர்ந்த எச்சத்தை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். நன்கு காய்ந்த எச்சம் கத்தரிச் செடிக்குச் சிறந்த உரம். முற்றும்."

பையன் அப்பாவைத் திருதிருவென்று பார்த்தான். பிறகு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான், மண்டபமே கை தட்டியது. சகலை எழுந்து நின்று தட்டினார். "இந்தப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் மேடைக்கு வர வேண்டும்!" என்றார் இயக்குநர். சகலை வேட்டையில் ஜெயித்தவர் மாதிரி நடந்து போனார். போகிற வழியில் என் மகளின் தலையைத் தடவி, "பரவால்லம்மா" என்றார்.

பரவால்லையாம்.

நான் எழுந்துவிட்டேன். பின்னால் இதை என் நேர்மை என்று சிலர் சொன்னார்கள். இல்லை. சுத்தமான வயிற்றெரிச்சல். ஐந்து வாரம் என் மகளின் முகத்தைப் பார்த்தும் வராத வார்த்தை, சகலையின் முதுகைப் பார்த்ததும் வந்தது.

"அது கோழிப் புத்தகம்!" என்று கத்தினேன். "நூத்தி அறுபதாம் பக்கத்துக்கு மேல கப்பல் கதையே இல்ல. நான் மாத்தித் தெச்சுட்டேன். இருபது பிரதியும் அப்படித்தான். அந்த நாப்பத்தொரு பேர்ல ஒருத்தரும் படிக்கல. படிச்சது என் பொண்ணு மட்டும்தான்!"

தலைமை நூலகர் என்னை மேடையிலிருந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"படிக்காதவங்க ஒரு நூலைப் பத்திக் கருத்துச் சொல்லலாமா? நாப்பத்தொரு சான்று இருக்கு. எல்லாத்துலயும் என் முத்திரை இருக்கு. இதோ ஐயாவே படிச்சு அழுதிருக்கார். ஒரு பைண்டர் பேச்சை நம்பி அவர் அழுதது தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?"

இயக்குநர் கையை உயர்த்தினார். "கடலையே ஆண்டவன் கடைசியில் ஒரு கூண்டுக்கு முன்னால் குனிகிறான். எச்சத்தை அள்ளுகிறான். மனித வாழ்க்கை இதுதான். இது புரிய ஒரு பக்குவம் வேண்டும்." முன்னைவிட அதிகமாகக் கை தட்டினார்கள். சகலையின் கழுத்தில் ஒரு பதக்கமும் மகனின் கழுத்தில் ஒரு பதக்கமும் விழுந்தன.

மேடையிலிருந்து இறங்கிய தலைமை நூலகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் காதோரம் சொன்னார்: "பயப்படாதீங்க, கையெழுத்துப் போட்டாச்சு. ஐயாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எல்லாக் கிளைக்கும் நூறு பிரதி கேக்கறார். இதே மாதிரி தெச்சுக் குடுங்க. ஒரு பக்கம்கூட மாறக் கூடாது."

நான் திரும்பிக் கடைசி வரிசைக்கு வந்தேன். எறும்பு எழுந்து நின்றிருந்தாள். முகம் என்னவோ போல இருந்தது.

"அப்போ நான் தப்பாப் படிக்கலையாப்பா?"

"இல்லம்மா. நீ மட்டும்தான் சரியாப் படிச்ச. தப்பு பண்ணது அப்பா. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருக்கலாம். நாற்காலியில் ஒட்டியிருந்த சீட்டை மெதுவாக உரித்து என் கையில் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அப்போ கேப்டன் கோழி வளக்கப் போகல" என்றாள். "மீதிக் கதை எங்கயோ இருக்கு."

"பாப்பா!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல். முட்டைக்காரர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அந்தக் கதவுக்கு முன்னாடி நடந்தது உங்ககிட்டயா இருக்கு?"

"கதவுக்கு உள்ள இருக்கிறது உங்ககிட்டயா?"

இருவரும் நூலகத்தின் வெளிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே நாற்காலிகள் அப்போதும் காலியாகவில்லை. பதக்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையேட்டை அவளிடம் கொடுத்தார், அவள் கப்பலை அவரிடம் கொடுத்தாள். யார் எந்தப் பக்கத்திலிருந்து என்பதில் ஒரு நிமிடம் பேச்சு. பிறகு படிக்க ஆரம்பித்தார்கள். அவள் நூற்று அறுபத்தொன்றைத் திறந்து இரண்டு வரி படித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா? உள்ள யாரு?" என்றேன்.

"சொல்ல மாட்டேன்பா."

"அதெல்லாம் முன்கூட்டிச் சொல்லக் கூடாதுங்க, பாப்பா சரியாத்தான் சொல்லுது" என்றார் முட்டைக்காரர் என்னிடம், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த நொடி அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எறும்பு எட்டிப் பார்த்து, "பீப்பாய் வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

என்ன பீப்பாய்? அந்தப் பக்கத்தை இருபது முறை என் கையால் மடித்து, இருபது முறை ஊசி ஏற்றியிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்து, அது என் மகளுக்கும் ஊர் பேர் தெரியாத ஒரு முட்டைக்காரருக்கும் தெரிந்திருந்தது. சகலையின் பதக்கத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை.

"கொஞ்சம் குடுங்க, மொதல் பக்கத்த மட்டும் பாத்துட்டுத் தரேன்" என்று முட்டைக்காரரிடம் கையை நீட்டினேன்.

"நான் முடிச்சுட்டுத் தரேன். வரிசைல இருங்க" என்றார்.

அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். அந்தக் கோடையில் எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படிப்பதற்காக உண்டான வரிசை அது ஒன்றுதான். அதில் நான் மட்டும்தான் இருந்தேன்.